மேல்தட்டு டப்பாக்கள்

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நித்திலன் என்ற பையனுக்கு ஃபெயில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து வனஜாவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சாயங்காலத்துக்குள் மார்க் ஷீட் போயாக வேண்டும். போய்விட்டால் நித்திலனுக்கு ஒரு வருஷம் பாழ்.

நேரே துறைத்தலைவி ரெஜினாவின் அறைக்குப் போய் மார்க் ஷீட்டை மேஜையில் வைத்தாள். ரெஜினாவிடம் விலங்கியல் படித்தவள்தான் வனஜா. இப்போது அதே கல்லூரியில் விரிவுரையாளர். ஆனாலும் மிஸ் முன்னால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"எல்லாப் பதிலும் சரி மிஸ். ஆனா மீன் இதயத்தைக் கேட்டா ஃபேனைப் பார்க்கிறான். தவளை மூளையைக் கேட்டாலும் ஃபேனைப் பார்க்கிறான்."

"ஃபேன் சொல்லிக்கொடுத்ததா?"

"கிண்டல் பண்ணாதீங்க மிஸ். முகத்தைப் பார்த்துச் சொல்லாதவனுக்குப் பாடம் தெரியாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"சொன்னேன். உட்காரு."

"ஆட்டிசம்னு சேரும்போதே அவங்கம்மா சொன்னாங்க. அதுக்காக அவனுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?"

மிஸ் பேனாவை மூடி வைத்தார்.

"என் கண்ணைப் பார். பார்வையை எடுக்கக் கூடாது. உன் சமையலறை மேல்தட்டில் வரிசையா என்னென்ன டப்பா இருக்கு?"

இதென்ன கூத்து என்று வனஜா விழித்தாள்.

"துவரம்பருப்பு... அடுத்தது..." பார்வை ஜன்னல் பக்கம் நழுவியது.

"கண்ணு இங்கே."

"உளுந்து... ரவை... இல்ல மிஸ், ரவை கீழே..." தினமும் கை போகிற தட்டு, வாயில் வரமாட்டேன் என்றது.

"சரி, எங்கே வேணும்னாலும் பார்."

வனஜா அண்ணாந்து பார்த்தாள். துவரை, உளுந்து, கடலை, வெல்லம், ஓரத்தில் மாமியார் ஒளித்து வைக்கும் முந்திரி வரை கடகடவென்று கொட்டியது.

"முந்திரி வேறயா!" என்றார் மிஸ்.

வனஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ எல்லாப் பிள்ளைகளும் ஃபேனைப் பார்த்தே பதில் சொல்லலாமா?"

"சொல்லட்டுமே."

"மரியாதைன்னு ஒண்ணு இல்லையா மிஸ்? முகத்தைப் பார்க்கலைன்னு இத்தனை வருஷமா நான் வெட்டின மார்க்கெல்லாம் என்ன கணக்கு? எனக்கு ஒண்ணுமே புரியலை."

யோசிக்க யோசிக்க அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் போய் நின்றுவிட்டது.

மிஸ் மார்க் ஷீட்டை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"வெளியவே நல்லாப் பார்த்துக்கோ. யோசிச்சு முடிச்சப்புறம் இந்தப் பக்கம் திரும்பினா போதும்."