முதல் மாலை மூன்று நாள்

கேளுங்கள், கேட்டுவிட்டு அப்புறம் கொட்டாவி விடுங்கள். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் ஒரு சந்தை இருந்தது. வருஷத்துக்கு மூன்று நாள்தான் கூடும். கையால் செய்த மாலையும் தோடும் வளையலும் அங்கேதான் விலைபோகும்.

அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம். நூறு மாலை கோர்ப்பவர் முதலில் ஒரே ஒரு மாலை செய்து, தன் கழுத்திலேயே மூன்று நாள் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் வெயிலில், ஒரு நாள் தண்ணீரில், ஒரு நாள் படுக்கையில். அது தாங்கினால்தான் மற்றதில் கை வைக்கலாம்.

சந்தைத் தலைவர் காரியப்பர் வாசலில் நிற்பார். கழுத்து மாலையின் நூல் அழுக்கேறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். சந்தை கலையும்வரை அந்த மாலையைக் கழற்றக் கூடாது. பொய் சொல்லிப் பிடிபட்டால் கடை போடும் இடம் போச்சு, பிள்ளைகள் காலத்துக்கும் திரும்பாது.

சிலம்பாயி என்று ஒருத்தி. சுட்ட மண்மணியில் மாலை செய்கிறவள். கெட்டிக்காரி, ஆனால் அவசரக் குடுக்கை. புருஷன் பனையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தான். வீட்டில் மூன்று குழந்தைகள். சந்தையில் மாலை கொடுத்து வாங்குகிற நெல்தான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

அவள் ஒரு மாலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுகிறவள் இல்லை. மணிகளை எல்லாம் ஒன்றாய் உருட்டுவாள், ஒன்றாய்ச் சுடுவாள், ஒரே பானைச் சாயத்தில் முக்குவாள், கடைசியில் உட்கார்ந்து கோர்ப்பாள். வேலை மளமளவென்று முடியும். ஆனால் பானையில் தப்பு நடந்தால் நூறு மாலையிலும் அதே தப்பு.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. மணி காயவில்லை, சூளை எரியவில்லை. வெயில் வந்தபோது சந்தைக்கு நான்கே நாள். போதாக்குறைக்கு ஒரு புதுச் சிவப்புச் சாயம் வேறு வாங்கி வைத்திருந்தாள். மூன்று நாள் போட்டுப் பார்க்க நேரமேது? போன வருஷத்துச் சிவப்பு மாலை ஒன்று ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். நூலில் அழுக்குக்குப் பஞ்சமில்லை.

வாசலில் காரியப்பர் நூலைத் தடவினார்.

"வேர்வையில் போட்டாயா?"

"போட்டேனுங்க."

"தண்ணீரில் போட்டாயா?"

"போட்டேனுங்க."

"தூக்கத்தில் போட்டாயா?"

"போட்டேனுங்க."

மூன்று கேள்வி, மூன்று பொய். அவர் வழிவிட்டார். அவள் உள்ளே போய்க் கடை விரித்தாள்.

முதல் ஆளாய் வந்தாள் வேலாத்தாள் என்கிற அம்மாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பெண் சந்தன நிறப் பட்டு உடுத்தியிருந்தாள்.

"இன்னைக்குப் பொழுது சாய மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. சேலை இரவல்தான், மாலையாவது சொந்தமா இருக்கட்டும்" என்றாள் வேலாத்தாள். மாலையை வாங்கி மகள் கழுத்தில் போட்டாள். இரண்டு பேரும் ஓடத்துறைப் பக்கம் நடந்தார்கள்.

அடுத்த மாலையை எடுத்தபோதுதான் சிலம்பாயி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்தாள். மறுபடி மாலையைப் பிடித்தாள், மறுபடி சிவப்பு. ஒரு மணியை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். விரலெல்லாம் சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பெண் இரவல் பட்டோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எப்படி நிற்பாள்? சரி, வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? மிச்சத்தை விற்றுவிட்டு மூட்டை கட்டிவிடலாம். சொன்னால் இடம் போகும், மூன்று வயிறும் காயும். பாவி மனசு அங்கும் இங்கும் அலைந்தது. முதல் தூறல் கையில் விழுந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடத்துறையில் பிடித்தாள். பெண்ணின் கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு, பட்டுக்கு இன்னும் இறங்கவில்லை. மாலையைக் கழற்றி, முந்தானையால் கழுத்தைத் துடைத்து, தன் கழுத்திலிருந்த பழைய மாலையை அவளுக்குப் போட்டாள்.

"இது சாயம் போகாது தாயி. என்னை மன்னிச்சுக்கோ."

வெறுங்கழுத்தோடு நேரே வாசலுக்கு வந்தாள். காரியப்பர் அதே மூன்று கேள்வியைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் மூன்று தடவையும்.

அவர் சாயம் படிந்த அவள் கையைப் பார்த்தார். "பிடிபட்டிருந்தால் இடம் போயிருக்கும். நீயாக வந்ததால் இடம் இருக்கட்டும். ஆனால் போடாமல் விட்டதை இப்போது போடு. எல்லா மாலையையும் போட்டுக்கொண்டு, சந்தை கலையும்வரை இந்த வாசலில் நில்" என்றார்.

நின்றாள். மழை கொட்டியது. தலை முதல் கால் வரை சிவந்து நின்றாள். போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள், அவள் அழுதாள், ஆனால் நகரவில்லை. மூன்றாம் நாள் வேலாத்தாள் தேடி வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அரை மூட்டை நெல்லை இறக்கிவிட்டு, "பழைய மாலைக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் சிலம்பாயி வீட்டில் பாதிநாள் கூழ்தான்.

மறுவருஷம் அவள் வந்தாள். காரியப்பர் அவள் முகத்தைப் பார்த்தார், நூலைத் தொடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. "உள்ளே போம்மா" என்றார்.

சிலம்பாயி நகரவில்லை.

"கேளுங்க ஐயா" என்றாள். "மூணும் கேளுங்க."

தன் கழுத்தில் போட்டுப் பார்க்காததை இன்னொருவர் கழுத்தில் போடாதே என்பதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி.