விடங்கரின் வலது கை

"இரண்டு முறை எழுந்து போய்விட்டார்கள், தாயே. மூன்றாம் முறையும் போனால் அரசர் படையை அனுப்பிவிடுவார்."

விடங்கர் இருபத்திரண்டு ஆண்டுகள் எல்லைக் கணவாயைக் காத்த தளபதி. இப்போது அமைச்சர். துறவி மாறம்மையிடம் பாடம் கேட்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. அவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

மாறம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யார் எழுந்து போனது?"

"மலைக்காரர்கள்தான். சமாதானம் பேச நானே அவர்கள் ஊருக்குப் போனேன்."

"அப்படி என்ன பேசினீர்கள்?"

"ஒரு வார்த்தை பேசவில்லை! வந்தவனுக்கு முதலில் தேன் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கம். ஊற்றினார்கள். குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால், போய்க்கொண்டிருக்கிறார்கள்."

மடியிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார்.

"மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தருகிறேன். கணவாயில் சுங்கம் கிடையாது. இதற்கு மேல் என்ன கொடுப்பது? நீங்களே படித்துப் பாருங்கள்."

அவள் ஓலையை வாங்கவில்லை.

"வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள்."

செம்போடு வந்தாள். விடங்கர் குனிந்து இடது கையை ஏந்தினார்.

ஊற்றினாள். பாதி விரலிடுக்கில் ஒழுகிப் போனது.

"இன்னும் கொஞ்சம்."

ஊற்றினாள். தாடி நனைந்தது. மார்பு நனைந்தது.

"போதுமா, அமைச்சரே?"

"தாகம் அப்படியே இருக்கிறது."

"செம்பு காலி. தரைதான் குடித்தது."

விடங்கர் சிரித்துவிட்டார். "கணவாய்ப் பழக்கம், தாயே. நாங்கள் எல்லோரும் ஒரு கையால்தான் குடிப்போம். தண்ணீருக்குக் குனிந்த தலையைத்தான் எதிரி தேடுவான்."

"இங்கே யார் எதிரி? கீரையா?"

விடங்கர் குனிந்து பார்த்தார்.

அவருடைய வலது கை வாளின் பிடியில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"அங்கேயும்..." என்று தொடங்கினார்.

மாறம்மை மறுபடி தண்ணீர் மொள்ளப் போனாள்.

வாளை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. கச்சையின் முடிச்சு இறுகிக் கிடந்தது.

நான்காம் நாள் மலைக்குப் போனார். வாள் வீட்டில் இருந்தது.

மலைக்காரர்களின் மூப்பன் மூங்கில் குழாயோடு வந்து நின்றார். பின்னால் இருபது பேர். ஒருவரும் உட்காரவில்லை.

விடங்கர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

மூப்பன் ஊற்றவில்லை. அந்த வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ப்பு ஏறிய கை.

"இதையும் நீட்டத் தெரியுமா உமக்கு?" என்றார். "நாங்கள் ஊற்றியதை இடது கையால் வாங்கினீர். வலது கை எங்களை வெட்ட மட்டும்தான் என்று நினைத்தோம்."

"நானும் கவனிக்கவில்லை, ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மூப்பன் குழாயைச் சாய்த்தார்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. விடங்கர் தலையை நன்றாகத் தாழ்த்தி, கண்ணை மூடி, கடைசி வாய்வரை நிதானமாகக் குடித்தார்.

நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.