சிற்பியாரைச் சோதித்த விதி

வைகாசி மாதம் ஒருநாள் காலை மருதவேலி நாடு குலுங்கியது. பானைகள் உருண்டன. யானைகள் பிளிறின. அரசர் நீலகேது ஊஞ்சலிலிருந்து தரைக்கு வந்துசேர்ந்தார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அரசரைப் பயம் பிடித்துக்கொண்டது.

"அடுத்த குலுக்கலைத் தாங்காத கட்டடம் ஒன்றுகூட என் நாட்டில் நிற்கக் கூடாது!" என்று சொல்லி, கட்டடங்களைச் சோதிக்கத் தலைமைச் சிற்பி விடங்கரை அனுப்பினார்.

புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கென்று விடங்கர் ஒரு விதி வைத்திருந்தார். சுவர் மூன்று முழக் கனம், தூணுக்குத் தூண் ஐந்து முழம், இப்படி. அந்த விதியைக் கொண்டே பழைய கட்டடங்களையும் அளந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தேறவில்லை. நெற்களஞ்சியம், ஆற்றுப்பாலம், மருத்துவச்சாலை எல்லாம் அதில் அடக்கம்.

"மழைக்கு முன் இடித்துவிடலாம் அரசே," என்றார்.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன வயிரவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மருத்துவச்சாலையில் நாற்பது நோயாளிகள். கொட்டும் மழையில் அவர்களை எங்கே கிடத்துவது? ஆனால் பயந்துபோன அரசரிடம் 'வேண்டாம்' என்றால் எடுபடாது.

"அருமையான முறை அரசே! இதே முறையில் நம் ஆட்களையும் சோதித்துவிடுவோம். புதுச் சிப்பாய்களுக்கு ஒரு விதி இருக்கிறதே, அது போதும். முதலில் சிற்பியார்!" என்றான்.

அரசருக்கு வேடிக்கை பிடிக்கும். "ஆகட்டும்," என்றார்.

"வாயைத் திறங்கள் சிற்பியாரே. முப்பத்திரண்டு பல் வேண்டும். உங்களிடம் பதினேழு. சரி, அந்த மதிலை ஒரே தாவலில் ஏறுங்கள்."

விடங்கர் மதிலைப் பார்த்தார். தன் தொந்தியைப் பார்த்தார். "எனக்கு அறுபத்து மூன்று வயதய்யா!"

"தேறவில்லை. அரசே, சிற்பியாரையும் மழைக்கு முன் இடித்துவிடலாமா?"

சபை கொல்லென்று சிரித்தது. விடங்கருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் புதுச் சிப்பாயின் விதியில் அளப்பதா? என் வேலைக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறதா என்று பாருங்கள்! கால் தள்ளாடினால் ஒரு தடி கொடுங்கள்!"

"இதைத்தான் அந்தக் கட்டடங்களும் சொல்கின்றன," என்றான் வயிரவன். "பாவம், அவற்றுக்கு வாயில்லை. மருத்துவச்சாலை, பூமி குலுங்கிய மறுநாளும் நடக்க வேண்டும். அதற்குக் கடுமையான விதி வையுங்கள். அரசரின் வசந்த மண்டபம் விரிசல் விட்டால் விடட்டும், ஆள்மேல் விழாமலிருந்தால் போதும். பலம் குறைந்த இடத்தில் முட்டுக் கொடுங்கள். எதற்கும் சரிப்படாததை மட்டும் இடியுங்கள்."

விடங்கர் தாடையைத் தடவினார். பிறகு, "நியாயம்தான்," என்று மறுபடி அளக்கக் கிளம்பினார். கடைசியில் இடிபட்டவை பத்தொன்பதுதான். மருத்துவச்சாலைக்கு முதலில் இரும்புப் பட்டையும் தேக்கு முட்டும் கிடைத்தன. ஒரு நோயாளியும் மழையில் நனையவில்லை.

அரசர் தன் கைக்கடகத்தைக் கழற்றி வயிரவனுக்கு மாட்டிவிட்டார். "வயிரவா, உன்னை எந்த விதியில் அளப்பது?"

"பழைய கட்டட விதியில்தான் அரசே. பதினைந்து வருஷமாக உங்கள் கோபத்தில் தினம் தினம் குலுங்குகிறேன். இன்னும் விழவில்லையே!"