பிடிக்குள் இருந்த முத்திரை

"எவனோ ஒரு திருட்டுப்பயல் ஏமாற்றியிருக்கிறான். அதுவும் தனியாளாய் வயல் பார்க்கிற ஒரு பெண்ணை."

கிஹெய் இடக்கையை நீட்டி, கோவில் தூணில் தொங்கிய அரிவாளைக் காட்டினார். ஜப்பானியக் கொல்லர்களைக் காக்கும் கனயாமா தெய்வத்தின் கோவில் அது. அரிவாள் பிடிக்குப் பக்கத்திலேயே முறிந்திருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில், 'பாதி வயல் அறுக்காமல் நிற்கிறது. தனியொருத்தி நான் இனி என்ன செய்வேன், சாமி?' என்று எழுதியிருந்தது.

அன்று துருத்தித் திருநாள். கொல்லர்கள் உலையை அணைத்து, துருத்திமேல் ஆரஞ்சு வைத்துக் கும்பிடும் நாள். தேறிய சீடனுக்கு, அவன் செய்யும் கருவிகளில் பொறிக்கச் சொந்தப் பெயர் முத்திரையைக் குரு கொடுப்பதும் அன்றுதான். பழைய இரும்புக்குப் பேரம் பேசியே வயிறு வளர்த்த கிஹெய், நாற்பத்தைந்து வயதில் பட்டறைக்கு வந்தவர். தன்னைவிடப் பத்து வயது இளையவரான தோமெயைக் குருவாக ஏற்று மூன்று வருடமாகிறது.

"இப்படிப்பட்டவனெல்லாம் முத்திரை வைத்துக்கொண்டு திரிகிறான். எனக்கென்ன குறைச்சல், குருவே? இன்றைக்குக் கொடுத்துவிடுங்கள்."

"இது யார் முத்திரை?" என்று கேட்டார் தோமெய்.

"அது பிடிக்குள்ளே அல்லவா இருக்கும்."

"கழற்றித்தான் பாருங்களேன்."

கிஹெய்க்கும் ஆவல் தாங்கவில்லை. அரிவாளை இறக்கி, பிடியைக் கல்லில் தட்டிக் கழற்றினார். முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுடையதுதான், குருவே."

"ஆமாம்."

தோமெய் அதை வாங்கித் தெய்வத்தின் முன் வைத்தார். மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார். வெகுநேரம் எழவில்லை.

கிஹெய்யின் சிரிப்பு அடங்கியது. குருவின் வேலை முறிந்து அவர் பார்த்ததில்லை. ஆனால் சீடர்கள் செய்வதிலும் குருவின் முத்திரைதான் விழும். அப்படியானால் இது யார் கைவேலை?

குனிந்து பார்த்தார். அவசரமாய் அடித்து முடித்த வேலை. சுத்தியல் தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருந்தன, வலக்கைக்காரர் அடித்தால் சாயாத பக்கம். பட்டறையில் இடக்கைக்காரர் ஒருவர்தான். அரிவாளை நோக்கி நீண்ட தன் இடக்கையைக் கிஹெய் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

குரு எழுந்தார். மடியிலிருந்து புது முத்திரை உளியொன்றை எடுத்து, தெய்வத்தின் முன் படைத்திருந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கிஹெய் அதைத் தொடவில்லை. "இதைச் செய்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா, குருவே?"

"பிடிக்குள்ளே என் பெயர் இருக்கிறது. வேறு பெயரை நான் தேடப்போவதில்லை. இன்று உலை மூட்டக்கூடாது, நாளை விடிந்ததும் மூட்டலாம். செய்தவர் யாரோ, அவர் இனியாவது இதை ஒழுங்காக அடித்து, அந்தப் பெண்ணின் வயலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதுவரை இந்த உளி இங்கேயே இருக்கும்."