டிரம்முக்குள் தாழ்ப்பாள்

போடியில் மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் பவளக்கொடியின் கார் பட்டறை இருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த சடையாண்டிக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வந்து ஒரு வருஷம் ஆகியும் பிரேக்கை மட்டும் அவள் அவர் கையில் கொடுக்கவில்லை. கிரீஸ் வைக்கலாம், பஞ்சர் ஒட்டலாம். பிரேக் என்றால் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவாள். அவருக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பழைய அம்பாசடர் ஒன்று வந்தது. ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் நாலு வருஷம் அசையாமல் நின்ற வண்டி. பின்சக்கரத்தில் பிரேக்கை மூடியிருக்கும் டிரம் கழன்று வர மறுத்தது.

"இதை நீங்க கழட்டுங்க அண்ணே. மாத்து டிரம் இப்ப எங்கயும் கிடைக்காது. உடைஞ்சா, பழையபடி கிரீஸ் வேலைதான் உங்களுக்கு."

சடையாண்டி ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். எண்ணெய் விட்டார். மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். கம்பி கொடுத்து நெம்பினார். டிரம் லேசாக ஆடியது. வெளியே வரவில்லை. மலையே இறங்கி வந்தாலும் வரும், இது வராது என்று எதிர் டீக்கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சடையாண்டி பெரிய சம்மட்டியை எடுத்தார்.

"மேஸ்திரி, இனி எங்க அடிக்கணும்?"

அவள் சம்மட்டியை வாங்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, சம்மட்டியை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் கதவைத் தள்ளினார். தோளால் முட்டினார். கீல் முனகியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

கடைசியில் சடையாண்டி தணிந்த குரலில் சொன்னார்: "தாயி, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. நீக்குங்க."

கதவு திறந்தது.

"இதே மாதிரி அந்த டிரம்முகிட்ட கேட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

சடையாண்டி உள்பக்கத் தாழ்ப்பாளை ஒருதடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

டிரம்முக்குப் பின்னால் அட்ஜஸ்டர் திருகு இருந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ தேயத் தேய, யார் யாரோ அதை முறுக்கி முறுக்கி ஷூவை வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். டிரம்மில் விழுந்த பள்ளத்துக்குள் ஷூ இறுகி உட்கார்ந்திருந்தது. அவர் அட்ஜஸ்டருக்கு எண்ணெய் விட்டு, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினார். ஷூ உள்வாங்கியது. எழுந்து வந்து இரண்டு கையாலும் பிடித்தார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி டிரம் கையோடு வந்தது. ஒரு கீறல் இல்லை.

மறுநாள் மாலைக்குள் நாலு சக்கரத்தையும் அவரே முடித்தார். ஒருதடவை பார்த்துவிடும்படி மேஸ்திரியைக் கேட்டார். அவள் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. முன்கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மேல ஏத்தி, இறக்குங்க."

ஐந்து வளைவு ஏறித் திரும்பினார்கள். இறக்கத்தில் முதல் வளைவிலேயே சடையாண்டி பிரேக்கை மிதித்தார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. அடுத்த வளைவிலும் நின்றது. அவளோ ஜன்னலில் முகவாயை வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள்.

"மேஸ்திரி, நீங்க பிரேக்கைக் கவனிக்கவே இல்லையே."

"பன்னெண்டு வருஷமா இந்த இறக்கத்துல பிரேக்கை மட்டும்தான் கவனிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் அண்ணே மலையைப் பாக்குறேன்."