இரண்டாவது கிளாஸ்

போன் கம்பெனி ஆபீசுக்குத் தினமும் டீ கொண்டு போகிறவள் சடைச்சி. அன்று அவள் மகளுக்கு ஆன்லைனில் வேலைக்கான பரீட்சை. போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுக்க அந்தப் பெண் ஏதோ திருட்டு ஆப் போட்டுவிட்டாளாம். மேனேஜர் வைத்தியலிங்கம் இணைப்பையே நிறுத்திவிட்டார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"நெட்டுக்குத்தான் காசு கட்டியாச்சே சார்?"

"அது போன்ல பார்க்க. லேப்டாப்புக்குக் கொடுத்தா தனிக் கட்டணம்."

"ரெண்டும் ஒரே நெட்டுதானே? எனக்கு ஒண்ணும் புரியலையே."

"உனக்கெல்லாம் புரியாதும்மா. டீயைக் கொடு."

சடைச்சி குழப்பத்தோடே டீயை நீட்டினாள். அவர் வழக்கம்போல் காலி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி, பாதி டீயைக் கேஷியருக்கு ஊற்றினார்.

"ரெண்டு டீக்குக் காசு கொடுங்க சார்."

"எதுக்கு? நான் வாங்கினது ஒரு டீ. அதை எந்தக் கிளாஸ்ல ஊத்தினா உனக்கென்ன?"

பில் கட்ட வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சடைச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இது புரியுது சார். அந்த லேப்டாப் விஷயம்தான் இன்னும் புரியலை."

மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பரீட்சைக்கு முன்பே இணைப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவர் இரண்டு டீ வாங்கினார். ஏனென்று சடைச்சிக்கு இன்றுவரை புரியவில்லையாம்.