எலெக்ட்ரிக் பிரேக் கேட்ட லாசர்

"மேஸ்திரி, என் ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக்தான் மாட்டணும்" என்றார் லாசர்.

"முடியாது அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

தூத்துக்குடியில் படகு ஏற்றும் ட்ரெய்லர் என்றால் ஜெசிந்தாதான். அவள் மாட்டின பிரேக் பிடிக்கவில்லை என்று எவனாவது சொல்லட்டும், பார்ப்போம்! லாசர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், லாரி ஓட்டியே தலை நரைத்தவர். ட்ரெய்லர் இழுக்கப் படிக்க அவரும் அவளிடம்தான் வந்தார்.

கொடைக்கானல் ஏரிக்குப் படகு ஏற்றி இறக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அவள் பிரேக் மாட்டித் தராவிட்டால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும்.

"ஏன் முடியாது? எலெக்ட்ரிக்னா ஸ்டியரிங் பக்கத்துல ஒரு பெட்டி. கையால அமுக்கினா ட்ரெய்லர் தனியா பிடிக்கும். உங்க தள்ளு பிரேக் அப்படியா? பின்னால வர்ற சுமை முன்வண்டியை முட்டினாத்தான் பிடிக்கும். அது சுமை சொன்னாக் கேக்கும். எனக்கு, நான் சொன்னாக் கேக்கணும்!"

"மலை மேல தள்ளு பிரேக் ட்ரெய்லர் ஒண்ணு படகோட நிக்குது. இறக்கிட்டு வருவோம், வாங்க."

மறுநாள் காலையில் கொடைக்கானலில் அந்த ட்ரெய்லரை முன்வண்டியில் மாட்டி, மலையிறக்கத்தில் லாசர் ஓட்டினார். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. லாசர் சமவெளியில் லாரி ஓட்டிய பழக்கத்தில் வளைவுக்குள் வந்த பிறகு பிரேக்கை மிதித்தார். படகு பின்னாலிருந்து டமாரென்று முட்டியது.

அடுத்த வளைவிலும் அதே இடி. அதற்கடுத்ததில் பிரேக் கருகும் வாடை.

லாசருக்கு வேர்த்துக் கொட்டியது. கீழே பள்ளம், பின்னால் படகு.

"எலெக்ட்ரிக் இருந்தா இந்நேரம் அமுக்கியிருப்பேன்!"

"எப்ப?"

"முட்டின உடனே."

ஜெசிந்தா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். இந்த மனுஷிக்கு உயிர்மேல் ஆசையே இல்லையா என்று லாசருக்கு ஆத்திரமாக வந்தது.

அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினார். சக்கரம் ஆறும்வரை நின்றார். பிறகு ஏறினார்.

இந்தத் தடவை வளைவு கண்ணில் பட்டவுடனேயே கியரைக் குறைத்தார். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. இடி வரவில்லை. அடுத்த வளைவிலும் வரவில்லை.

அதன்பிறகு அடிவாரம் வரைக்கும் லாசர் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் காது முழுக்கப் பின்னால் இருந்தது.

கீழே வந்ததும் இறங்கிப்போய் ட்ரெய்லர் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, சுடவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

ஜெசிந்தாவும் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

"திங்கக்கிழமை உங்க ட்ரெய்லரைக் கொண்டு வாங்க அண்ணாச்சி. எலெக்ட்ரிக் மாட்டித் தாரேன்."

"இப்ப எதுக்கு மேஸ்திரி அது?"

"இப்பத்தான். முட்டுறதுக்கு முன்னால எப்ப அமுக்கணும்னு இப்பத்தானே உங்களுக்குத் தெரியுது."